தடை நீங்கியாச்சு... இனி தரையைத் தொடலாமா இம்பாலா?

நைட் ஷிஃப்ட். புதுச் செய்தி எதுவும் வராத அரை மணி நேரம். போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். நீளமான பழைய அமெரிக்க கார் ஒன்று சிக்னலில் வந்து நிற்கிறது. அப்படியே மெதுவாக, கோயில் யானை மண்டி போடுவது மாதிரி, முன்பக்கம் இறங்குகிறது. அப்புறம் பின்பக்கம். கடைசியில் வயிறு தரையைத் தொடாத குறை.

எட்டிப் பார்த்த சீனியர் அண்ணன் கேட்டார்: "ஏம்ப்பா, வண்டி பஞ்சரா?"

"இல்லண்ணா, வேணும்னே இறக்கறாங்க. அதுதான் ஸ்டைலு."

"வேணும்னே இறக்கறாங்களா? எதுக்கு?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தெரிந்துவிட்டது, இது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. இந்த 'எதுக்கு'க்குள் வரலாறு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியலும் இருக்கிறது. அண்ணனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். கூடவே என் கருத்தையும்.

அது என்ன வண்டி?

ரீல்ஸில் நீங்கள் அதிகம் பார்ப்பது செவர்லே இம்பாலா. 1958-ல் அறிமுகமான மாடல். அதிலும் 1964 இம்பாலாவுக்குத் தனி மவுசு. 'சிக்ஸ்-ஃபோர்' என்றாலே போதும், ரசிகர்களுக்குப் புரிந்துவிடும். அமெரிக்க மேற்குக் கரை ஹிப்-ஹாப் வீடியோக்களில் இந்த கார் கிட்டத்தட்ட ஒரு நடிகர்.

கார் மட்டும் போதாது. அதன் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, மினுமினுக்கிற பெயின்ட் அடித்து, கம்பிகள் பின்னிய சின்ன வீல் மாட்டினால்தான் அதற்குப் பெயர் 'லோரைடர்'. இரண்டு கதவு மாடலுக்குத்தான் கிராக்கி, விலையும் எகிறும். நாலு கதவு செடான் அவ்வளவு விலை போகாது. அதனாலேயே கையில் காசு குறைவாக இருக்கிற இளைஞர்கள் பலர் செடானில் இருந்து தொடங்குகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதும்தான்.

ஏன் இறக்கினார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி மாற்றி அமைக்கத் தொடங்கினார்கள். ஒரு கூட்டம் வேகத்தின் பின்னால் ஓடியது. அவர்களுடையது 'ஹாட் ராட்'. மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்கள். தாழ்வாக, மெதுவாக. குடும்பத்தோடு, நண்பர்களோடு, பாட்டுப் போட்டுக்கொண்டு, தெருவில் எல்லோரும் பார்க்க ஊர்ந்து போவது.

ஆரம்பத்தில் டெக்னாலஜி எல்லாம் ஒன்றும் இல்லை. டிக்கியில் மணல் மூட்டை, சிமென்ட் மூட்டை. கொஞ்சம் துணிந்தவர்கள் ஸ்பிரிங்கையே வெட்டினார்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் விட்டியர் பொலெவார்ட் தெரு இந்த ஊர்வலங்களுக்குப் பெயர் போனது. வீடு வாங்குவதில், வேலை கிடைப்பதில், பள்ளிக்கூடத்தில் எனப் பல இடங்களில் பாகுபாட்டைச் சந்தித்த சமூகம் அது. 'என்னைப் பார்' என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த இடம் தெரு. சொல்லக் கிடைத்த மொழி கார். இதைப் புரிந்துகொள்ளாமல் 'சும்மா ஷோ காட்டறாங்க' என்று கடந்து போனால், கதையில் பாதியை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

சட்டம் எங்கே வந்தது?

1950களின் கடைசியில் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. பின்னாளில் 24008-வது பிரிவு என்று அறியப்பட்டது. அதன் சாரம் இதுதான்: வீலின் ரிம்முக்கு அடிவிளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதைவிடக் கீழே காரின் வேறு எந்தப் பாகமும் வரும்படி மாற்றி அமைக்கக் கூடாது.

ஆனால், விதி வந்தால் கூடவே அதற்கு ஒரு வழியும் பிறக்கும் இல்லையா? சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிர்ரே என்பவர், 1959-ல் தன் 1957 மாடல் கோர்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். விமானங்களில் இருந்து கழித்துப்போட்ட பாகங்கள் அப்போது சல்லிசாகக் கிடைத்தன. சுவிட்சைத் தட்டினால் கார் இறங்கும். போலீஸ் தூரத்தில் தெரிந்தால் திரும்பத் தட்டு, கார் ஏறிவிடும். அளவெடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். இன்று ரீல்ஸில் துள்ளுகிற கார்களுக்கெல்லாம் மூதாதை அந்த சுவிட்ச்தான்.

1980களில் இன்னொரு கதவும் அடைபட்டது. 'க்ரூஸிங்', அதாவது ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதைத் தடை செய்ய நகரங்களுக்கு மாநிலம் அதிகாரம் கொடுத்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தைத் திரும்பக் கடந்தால் அபராதம். சான் டியேகோ பக்கத்தில் இருக்கிற நேஷனல் சிட்டி 1992-ல் இப்படித் தடை போட்டது. போக்குவரத்து நெரிசல், குற்றம் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். லோரைடர் சங்கங்களோ, 'எங்க ஆளுங்களை நிறுத்தி விசாரிக்கறதுக்கு இது ஒரு சாக்கு' என்றன.

முரணைப் பாருங்கள். அதே நாட்டில், வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் நியூ மெக்சிகோவில் உருவான 1969 ஃபோர்டு எல்டிடி லோரைடர் ஒன்றைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. 2017-ல் 'ஜிப்ஸி ரோஸ்' என்ற புகழ்பெற்ற 1964 இம்பாலா, வாஷிங்டனின் நேஷனல் மால் வெளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு நின்றது. கண்ணாடிக்குள் இருந்தால் கலை, தெருவில் இருந்தால் குற்றம்!

இப்போ என்ன மாறியது?

காற்று மெதுவாகத் திரும்பியது. 2022-ல் சாக்ரமென்டோ, சான் ஹோசே நகரங்கள் க்ரூஸிங் தடையை நீக்கின. 2023-ல் நேஷனல் சிட்டியும் நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம், சட்டமன்ற உறுப்பினர் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த ஏபி 436 மசோதாவில் கையெழுத்திட்டார். க்ரூஸிங்கைத் தடை செய்கிற அதிகாரம் நகரங்களிடம் இருந்து போனது. காரின் உயரம் பற்றிய அந்தப் பழைய விதியும் போனது. 2024 ஜனவரி 1 முதல் அமல்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடைகளை நீக்கியது சரி. தெருவில் மெதுவாகப் போவதைக் குற்றமாக்கும் சட்டம், வண்டியைப் பார்ப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் பார்க்கிறது. பிரேக் பிடிக்காத வண்டி ஒழுங்கான உயரத்தில் இருந்தால் தப்பிக்கும், பக்காவாகப் பராமரித்த தாழ்ந்த வண்டிக்கு அபராதம் என்றால் அது பாதுகாப்புச் சட்டமா?

ஆனால்... இங்கே ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது.

அந்த விதியில் நியாயமே இல்லையா?

இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் கொண்டாடினால் நேர்மை இல்லை.

யோசித்துப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன் டயர் வெடிக்கிறது. காற்று போன டயர் நசுங்கி, ரிம் கிட்டத்தட்ட ரோட்டுக்கே வந்துவிடும். அப்போது ரிம்முக்குக் கீழே தொங்குகிற பாகம் ஏதாவது இருந்தால், தரையில் உரசப் போவது அதுதான். அது சஸ்பென்ஷன் கையாக இருக்கலாம், ஸ்டீயரிங் ராடாக இருக்கலாம், பிரேக் பைப்பாகவும் இருக்கலாம். ஸ்டீயரிங் கையில் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது.

கார் கட்டுகிறவர்கள் இதை 'ஸ்க்ரப் லைன்' என்பார்கள். ஒரு வீலின் ரிம் அடியில் இருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கு ஒரு நூல் கட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் இருந்தும் கட்டுங்கள். எந்த முக்கியமான பாகமும் அந்த நூலுக்குக் கீழே வரக்கூடாது. பத்து ரூபாய் நூல், பத்து நிமிஷ வேலை.

ஆக, பழைய விதிக்குள் ஒரு நல்ல பொறியியல் யோசனை ஒளிந்திருந்தது. கலிஃபோர்னியா விதியை நீக்கியிருக்கிறது. இயற்பியலை நீக்கவில்லை. இதுவரை போலீஸ் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு கோட்டை இனி வண்டிக்காரர்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படி இறக்குவது?

1964 இம்பாலாவின் முன்பக்கத்தில் இரண்டு கைகளுக்கு நடுவே சுருள் ஸ்பிரிங். பின்பக்கமும் சுருள் ஸ்பிரிங்தான், ஆனால் இரண்டு வீலையும் இணைக்கிற ஒரே ஆக்ஸில். அதைத் தாழ்த்த முக்கியமாக நான்கு வழிகள்.

*ஸ்பிரிங்கை வெட்டுவது:* சல்லிசான வழி. ஆபத்தும் அதிகம். ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். வேலை செய்கிற 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14% ஏறும். அமுங்க இடமும் குறைந்துபோகும். விளைவு, ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும். இதைவிட மோசம், கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடுபடுத்தி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது. இரும்பின் பதமே கெட்டுவிடும். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

*தாழ்ந்த ஸ்பிரிங் வாங்கிப் போடுவது:* இரண்டு அங்குலம் தாழ்வதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. அதற்குப் பொருந்துகிற ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல வழி.

*டிராப் ஸ்பிண்டில்:* வீல் மாட்டுகிற அச்சையே கொஞ்சம் மேலே நகர்த்திச் செய்த பாகம். ஸ்பிரிங் அப்படியே இருக்கும், அமுங்கும் தூரமும் குறையாது, கார் மட்டும் இறங்கும். முன்பக்கத்துக்கு மட்டும்தான் இது.

*காற்றுப் பை அல்லது ஹைட்ராலிக்:* நின்றால் தரை, ஓட்டினால் உயரம். ரீல்ஸில் துள்ளுவது ஹைட்ராலிக். பம்ப், வால்வ், டிக்கி நிறைய பேட்டரி. செலவும் பராமரிப்பும் இதில்தான் அதிகம். டிக்கியில் இருந்து தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. பேட்டரி இணைப்பைச் சட்டெனத் துண்டிக்க ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் வேலை அதோடு முடியாது. உயரம் மாறினால் முன் வீல்களின் சாய்வு மாறும். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயரே ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். பின்பக்கம் ஆக்ஸிலைக் குறுக்காகப் பிடித்திருக்கிற ஒரு கம்பி உண்டு. கார் இறங்கும்போது அது ஆக்ஸிலை லேசாக ஒரு பக்கம் தள்ளும். ஒரு பக்க டயர் மட்டும் மட்கார்டில் உரசுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நீளத்தை மாற்றக்கூடிய கம்பி போட்டால் சரியாகும்.

துள்ளவும் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாவின் சேஸிஸ் 'எக்ஸ்' வடிவம். பக்கவாட்டில் நீளமான சட்டம் கிடையாது. பலப்படுத்தாமல் துள்ள வைத்தால் விரிசல் விடும்.

தாழ்த்துவதில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்க வீல்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது எடை மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, 22 அங்குல உயரத்தில் இருந்த மையம் 20-க்கு இறங்கினால் அந்த மாற்றம் சுமார் 9% குறையும். கார் கொஞ்சம் நிதானமாகத் திரும்பும். இரண்டு அங்குலம் தாழ்த்தினால் இந்தப் பலன் கிடைக்கும். ஆறு அங்குலம் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அமுங்க இடமே இல்லாமல் பலன் எல்லாம் பறிபோகும்.

யாரும் போடாத டயர் கணக்கு

லோரைடர்களில் 13 அங்குலக் கம்பி வீலும் அதற்கு 155/80 ஆர்13 டயரும் பரவலாகப் பார்க்கலாம். சின்ன கார்களுக்கான டயர் அது. அதன் பக்கச் சுவரில் 79 என்ற சுமை எண் இருந்தால், ஒரு டயர் தாங்கக்கூடிய உச்ச எடை 437 கிலோ என்று பொருள். நாலு டயருக்கு 1,748 கிலோ.

இப்போது காரை எடை போடுவோம். 1964 இம்பாலா சுமார் 1,600 கிலோ. ஹைட்ராலிக்குக்கு ஆறு பேட்டரி, ஒன்று 25 கிலோ என்று வைத்தால் 150 கிலோ. இங்கேயே 1,750 வந்துவிட்டது. இன்னும் பம்ப், எண்ணெய் சேர்க்கவில்லை. டிரைவர்கூட ஏறவில்லை! நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

டயர் வெடிக்க வாய்ப்பு இருக்கிற இதே கார்தான், வெடித்தால் தாங்காத அளவுக்குத் தாழ்ந்தும் இருக்கிறது. ஸ்க்ரப் லைன் பற்றி இவ்வளவு பேசியது இதற்காகத்தான். ஊர்வலத்துக்கு ஒரு செட் வீல், நெடுஞ்சாலைக்குச் சரியான சுமை எண் கொண்ட இன்னொரு செட் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும்.

பிரேக்கைப் பாருங்க முதல்ல

1964-ல் இம்பாலாவுக்கு நாலு வீலிலும் டிரம் பிரேக்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சர்க்யூட். எங்காவது ஓரிடத்தில் பைப் ஒழுகினால் நாலு வீலிலும் பிரேக் போய்விடும். தாழ்த்திய காரில் அந்த பைப்புகள் தரைக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி: முதலில் இரண்டு சர்க்யூட் கொண்ட மாஸ்டர் சிலிண்டர், முடிந்தால் முன்பக்கம் டிஸ்க் பிரேக். அப்புறம் ஸ்பிரிங். பெயின்ட் கடைசியில். ரீல்ஸில் வரிசை தலைகீழாக இருக்கிறது. ஏனென்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு லைக் விழாது.

'கிளாசிக்கைக் கெடுக்கறாங்கப்பா!'

இந்தக் குரலையும் கேட்டிருப்பீர்கள். அறுபது வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே வைக்க வேண்டும் என்பவர்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. அசல் நிலையில் மிஞ்சியிருக்கிற வண்டிகள் குறைந்துகொண்டேதான் போகும்.

ஆனால் லோரைடரும் இன்று அறுபது, எழுபது வருஷப் பாரம்பரியம். தாழ்ந்த இம்பாலா அசல் இம்பாலாவின் சிதைவு இல்லை. அதே காரின் இன்னொரு வரலாறு. இரண்டுக்கும் இடம் வேண்டும் என்றால் வழி எளிது. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றங்களைத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய அசல் ஸ்பிரிங்கை எண்ணெய் தடவி பரணில் வையுங்கள். சேஸிஸை அறுக்கும் முன் பத்து முறை யோசியுங்கள். விலை போகாத நாலு கதவு செடான் இதற்கு அருமையான வண்டி. ஸ்கிராப்புக்குப் போக இருந்த ஒரு காரை ஒரு இளைஞர் இறக்கி, மெருகேற்றி, அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஊர்வலம் போனால் அதில் என்ன கெட்டுப்போகிறது?

கடைசியாக...

ஒரு தடை போகும்போது இரண்டு விஷயங்களில் ஒன்று நடக்கும். 'பார்த்தியா, விட்டதும் ஆடறாங்க' என்று சொல்லக் காத்திருப்பவர்கள் ஜெயிப்பார்கள். இல்லையென்றால், 'இவங்களை இத்தனை வருஷம் எதுக்கு நிறுத்தி வச்சோம்' என்று ஊர் வெட்கப்படும். எது நடக்கும் என்பது இப்போது வண்டிக்காரர்கள் கையில்.

அரசுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பிரேக்கைச் சோதியுங்கள், டயரின் சுமை எண்ணைப் பாருங்கள், ஸ்க்ரப் லைனுக்கு நூல் பிடியுங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி. உயரத்தைப் பார்த்து ஆளை எடை போடாதீர்கள்.

சீனியர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்த ரீலை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். கார் மறுபடி மண்டி போட்டது.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அந்த டயரு... சின்னதா இல்ல?"

ஆமாண்ணா. அதைத்தான் நானும் சொல்றேன்.